வாசகர் கேள்வி – பதில்: ஒப்பனை அறையில் இரு தோழிகள்

சென்ற இதழில் ஒரு பதிலின் இடையே, ஸ்ட்ரிப் கிளப்புகளில் ஆடை களைந்து ஆடும் இளம்பெண்களின் நட்பைச் சொல்ல முயலும் நாவல்களில் பெரும்பாலானவை மேடைக்கு எதிரே போடப்பட்ட நாற்காலியில் அமர்ந்து எழுதப்பட்டவை என்றும், ஒப்பனை அறைக்குள்ளிருந்து எழுதப்பட்டவை குறைவு என்றும் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றி வந்த கடிதங்களே இம்முறை பக்கத்தை நிரப்பிவிட்டன. பிற கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள வேண்டுகிறேன்.

அமெரிக்காவின் ஒரு ஸ்ட்ரிப் கிளப்பில் வேலை செய்யும் இரண்டு இளம்பெண்களைப் பற்றி நாவல் எழுதி வருகிறேன். படித்துப் பார்த்தவர்கள், இருவரும் எப்போதும் அழுதுகொண்டிருக்கிறார்கள், ஆனால் எதற்காகத் தோழிகளானார்கள் என்பது தெரியவில்லை என்கிறார்கள். எங்கே பிழை? (முதல் நாவல் எழுதும் வாசகர்)

நீங்கள் கடிதத்துடன் இணைத்திருந்த இரண்டு அத்தியாயங்களிலும் வறுமை இருக்கிறது, வீட்டு வாடகைப் பாக்கி இருக்கிறது, நோயுற்ற தாய் இருக்கிறார். ஆனால் கிளப்பில் ஓர் இரவில் எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அந்தக் கணக்கை எழுதாதவரை, அவ்விருவரும் ஏன் நெருங்கினார்கள், ஏன் விலகினார்கள் என்பது வாசகருக்குப் புலப்படாது. அந்தத் தொழிலில் நட்பை முதலில் சோதிப்பது பணம்தான்.

அமெரிக்கக் கிளப்புகளில் மிகப் பலவும் நடனப்பெண்களைத் தங்கள் ஊழியர்களாகக் கருதாமல் சுயேச்சை ஒப்பந்ததாரர்களாகவே நடத்தி வந்திருக்கின்றன. கிளப் அவர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. மாறாக, அங்கே ஆடும் உரிமைக்காக அவர்கள்தாம் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் ‘ஹவுஸ் ஃபீ’ என்ற கட்டணத்தைக் கிளப்புக்குக் கட்டுகிறார்கள். தாமதமாக வந்தால் அந்தக் கட்டணம் கூடும். மேடையில் தன் முறையைத் தவறவிட்டால் அபராதம் உண்டு. இரவு முடியும்போது பாட்டுப் போடும் டி.ஜே.க்கும், பவுன்சருக்கும், பல இடங்களில் மதுக்கூடப் பணியாளருக்கும், ஒப்பனை அறையைக் கவனித்துக்கொள்ளும் ‘ஹவுஸ் மாம்’ என்ற மூத்த பெண்மணிக்கும் தன் வருமானத்திலிருந்து ஒரு பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். ஆகவே மாலையில் உள்ளே நுழையும் பெண் வெறுங்கையோடு தொடங்குகிறாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை, கடனோடு தொடங்குகிறாள். வாஷிங்டன் மாநிலத்தில் 2024ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், 8 மணி நேரத்தில் அவள் ஈட்டியதில் 30 சதவீதம் அல்லது 150 டாலர், இவற்றில் எது குறைவோ அதற்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்றும், அன்று கட்ட முடியாத தொகையை மறுநாள் பாக்கியாகத் தலையில் கட்டக் கூடாது என்றும் விதித்தது. இப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டிருக்கிறது என்றால் அதற்கு முன் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை ஒரு நாவலாசிரியர் ஊகித்துக்கொள்ளலாம்.

மேடையில் விழும் ஒற்றை டாலர் நோட்டுகளை வைத்து யாரும் குடும்பம் நடத்துவதில்லை. உண்மையான வருமானம் மேடையை விட்டு இறங்கி, மேசை மேசையாகப் போய்ப் பேச்சுக் கொடுத்து, ‘லேப் டான்ஸ்’, அதாவது ஒரே வாடிக்கையாளருக்காக அவர் மடியருகே ஆடும் நடனத்தை, விற்பதிலிருந்து வருகிறது. அதன் அளவு பாட்டுக் கணக்கு: ஒரு பாட்டு, ஒரு விலை. கூட்டம் குறைந்த திங்கட்கிழமை இரவில் வாடிக்கையாளர்களைவிட நடனப்பெண்கள் அதிகமாக இருப்பது அரிதான செய்தியல்ல. அப்போது எதிர் மேசையில் ஒருவரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கும் தோழி, உங்கள் கதாநாயகிக்கு வந்திருக்கக்கூடிய பணத்தைத்தான் ஈட்டிக்கொண்டிருக்கிறாள். இருவருக்கும் இது தெரியும். தெரிந்தும், அரை மணி நேரம் கழித்து ஒரே கண்ணாடியின் முன் நின்று ஒருத்தியின் முதுகுப்புறக் கொக்கியை மற்றவள் மாட்டிவிடுகிறாள். உங்கள் நாவல் இந்த இடத்தில் தொடங்கலாம். முதல் அத்தியாயத்திலேயே ஒருத்தி மற்றவளுக்கு ஹவுஸ் ஃபீயைக் கட்டிவிடட்டும். அந்தக் கடனை அவள் திருப்பிக் கேட்கிறாளா, கேட்காமலேயே நினைவூட்டுகிறாளா, வாங்கியவள் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே அதே வாரத்தில் புதிய செருப்பு வாங்கிக்கொள்கிறாளா என்பதை மட்டும் பின்தொடர்ந்தாலே எழுபது பக்கங்களுக்கு உங்களுக்குக் கதை கிடைத்துவிடும். நோயுற்ற தாயை அதன்பிறகு கொண்டுவருவதற்குத் தடையில்லை.

ஒருவர் மற்றவரின் வருமானத்தைப் பறிக்கும் இடத்தில் நட்பு என்பதே நம்பத்தக்கதுதானா? நாவலாசிரியரின் ஆசையாகத்தானே அது இருக்க முடியும்? (இலக்கியம் பயிலும் மாணவி)

போட்டி இருக்கும் இடத்தில் நட்பு இராது என்று கொண்டால் விளையாட்டு வீரர்கள், நடிகர்கள், கவிஞர்கள் எவருக்கும் நண்பர்கள் இருக்க முடியாது. (கவிஞர்கள் விஷயத்தில் உங்கள் ஐயம் நியாயமாக இருக்கலாம்.) ஆனால் உங்கள் கேள்வி நீங்கள் நினைத்ததைவிட ஆழமான ஓர் இடத்தைத் தொடுகிறது. அந்தக் கிளப்புகளில் நட்பும் விற்பனைப் பொருள்களில் ஒன்று என்பதை நாவல்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வாடிக்கையாளரிடம் போவதும், “என் தோழியும் வரட்டுமே” என்று ஒருத்தி சொல்வதும், இருவரும் தோளில் கைபோட்டுக்கொண்டு ஒருவர் கூந்தலை ஒருவர் கோதிவிடுவதும் அங்கே வழக்கமான வியாபார முறை. வாடிக்கையாளர் இருமடங்கு பணம் கொடுப்பது இரண்டு உடல்களுக்காக மட்டுமன்று. அவர்களுக்கிடையே ஏதோ அந்தரங்கம் இருக்கிறது என்றும், தான் அதற்குள் அனுமதிக்கப்பட்டிருக்கிறோம் என்றும் நம்புவதற்காகவும் கொடுக்கிறார். ஒருவரையொருவர் சற்றும் பிடிக்காத இரு பெண்கள்கூட இதை நன்றாகவே நடிக்க முடியும். அப்படியானால் உண்மையிலேயே தோழிகளாக இருக்கும் இருவர் அதே மேசையில் அதே நடிப்பை நடிக்கும்போது என்ன ஆகிறது? தங்களிடம் இருக்கும் ஒன்றையே அவர்கள் நடித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. வெளியே பிறருக்காகச் செய்த சைகையை ஒப்பனை அறைக்கு வந்தபிறகு தமக்காகச் செய்ய அவர்களுக்குக் கை வருமா? ஒருத்தி நடிக்காத ஒரு கணத்தை மற்றவள் நடிப்பு என்று எடுத்துக்கொண்டால்? வேறு எந்தத் தொழிலைப் பற்றிய நாவலும் இந்தக் கேள்வியை இவ்வளவு கூர்மையாகக் கேட்க வாய்ப்பில்லை. கிடைத்த அந்த வாய்ப்பை வீணாக்கிவிட்டுக் காதலனைப் பற்றிய சண்டைக்குப் போய்விடும் நாவல்களைப் படிக்கும்போது எனக்கு எரிச்சலே வருகிறது.

அதன்பிறகு பங்கு பிரிக்கும் காட்சி வருகிறது. வாடிக்கையாளர் ஒருத்தியிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். பேசியது யார், அதிக நேரம் ஆடியது யார், அவரை முதலில் கண்டுபிடித்தது யார் என்ற வாதங்கள் எழும். வாரந்தோறும் தேடி வரும் நிரந்தர வாடிக்கையாளர், தோழி விடுப்பில் இருக்கும் நாளில் இவளிடம் வந்து அமர்ந்தால் அவரை ஏற்பதா என்ற கேள்வி இன்னும் கடினமானது. எழுதப்படாத விதிகளுக்கு அங்கே குறைவில்லை; அவற்றில் எந்த விதியை எந்த நாளில் ஒருத்தி மீறுகிறாள் என்பதில் அவளுடைய குணம் தெரிந்துவிடும்.

இந்தப் பெண்கள் வெறும் தோழமையைத் தாண்டி ஒன்றுசேர்ந்து நின்றதற்கு உண்மை நிகழ்வுகள் உண்டா? அல்லது அதுவும் கதைகளில்தானா? (தொழிற்சங்கத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்)

உண்டு. இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன், இரண்டும் கலிஃபோர்னியாவில் நடந்தவை.

முதலாவது சான் பிரான்சிஸ்கோவின் ‘லஸ்ட்டி லேடி’. அங்கே பெண்கள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சேர்ந்து ஆடுவார்கள். வாடிக்கையாளர்கள் சிறு சிறு அறைகளில் நின்று காசு போட்டுப் பார்ப்பார்கள். சில அறைகளில் ஒருவழிக் கண்ணாடி பொருத்தப்பட்டிருந்தது. உள்ளே இருப்பவர் கேமரா வைத்திருக்கிறாரா என்பது ஆடுபவருக்குத் தெரியாது. அவ்வாறு இரகசியமாகப் படம்பிடிப்பதை நிறுத்த வேண்டும் என்பதே 1996இல் அவர்கள் தொழிற்சங்கம் அமைக்கக் காரணமான குறைகளில் முதன்மையானது. வெள்ளையரல்லாத பெண்களுக்கு ஷிஃப்டு ஒதுக்குவதில் காட்டப்பட்ட பாகுபாடும் அவற்றில் ஒன்று. சங்கம் வென்றது, 1997இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2003இல் அந்த இடத்தையே தொழிலாளர்கள் விலைக்கு வாங்கிக் கூட்டுறவாக நடத்தினார்கள். 2013இல் அது மூடப்பட்டது.

இங்கே தொழிற்சங்கக்காரரான நீங்கள் உடனே பிடித்துக்கொள்ளக்கூடிய ஒரு விவரம் இருக்கிறது. லஸ்ட்டி லேடியில் ஆடியவர்களுக்கு மணிக்கணக்கில் கூலி கொடுக்கப்பட்டது. ஒரே மேடையில் பலர் ஒரே நேரத்தில் ஆடினார்கள். ஒருத்தியைப் பார்க்க வந்தவரை மற்றவள் பறித்துக்கொள்வதற்கு அங்கே இடமே குறைவு. கூலி முறை வேறாக இருந்த இடத்தில் தோழமையின் வடிவமும் வேறாக இருந்திருக்கிறது. முதல் கேள்விக்காரரிடம் நான் கணக்கை எழுதச் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது, லாஸ் ஏஞ்சலிஸின் வடக்கு ஹாலிவுட் பகுதியின் ‘ஸ்டார் கார்டன்’ கிளப். 2022 மார்ச்சில் அங்கிருந்த நடனப்பெண்கள் பாதுகாப்பைப் பற்றி ஒரு மனு கொடுத்தார்கள். வாடிக்கையாளர்கள் அனுமதியின்றிப் படமெடுப்பதையும் தொடுவதையும் காவலர்கள் தடுப்பதில்லை என்பது அவர்களுடைய முறையீடு. அதைத் தொடர்ந்து அவர்கள் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. மாதக்கணக்கில் கிளப்பின் வாசலிலேயே மறியல் செய்தார்கள். விதவிதமான வேடங்களில் வந்து நின்றார்கள் என்பதைக் கேட்டால், எந்தப் போராட்டமும் இவ்வளவு அலங்காரத்தோடு நடந்திருக்காது என்றே தோன்றுகிறது. நாடக நடிகர்களுக்கான ‘ஆக்டர்ஸ் ஈக்விட்டி’ என்ற பழைய சங்கம் அவர்களைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தது. 2023 மே மாதத்தில் வாக்குகள் எண்ணப்பட்டபோது ஆதரவாக 17 வாக்குகள், எதிராக ஒன்றுகூட இல்லை.

நாவலுக்கு வேண்டியது அந்தப் பதினேழு வாக்குகளைவிட, மறியல் நடந்த மாதங்கள் என்று நினைக்கிறேன். வருமானம் நின்றுபோன ஒருத்தி வேறு கிளப்புக்குப் போயிருப்பாள். போகாதவள் அதை எப்படிப் பார்த்திருப்பாள்? ஒவ்வொரு வார இறுதியிலும் வாசலில் நின்ற தோழியின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒருத்தி தெருவின் மறுபக்கம் நடந்திருக்க மாட்டாளா? இது என் ஊகம். ஆனால் போராட்டங்களில் இருந்த உங்களுக்கு அந்த முகங்கள் பழக்கமானவையாகவே இருக்கும்.

இத்தகைய நாவலில் உடலை எந்த அளவுக்கு வருணிக்கலாம்? வருணித்தால் ஆபாசம் என்பார்கள், தவிர்த்தால் போலித்தனம் என்பார்கள். (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அளவைவிட, யாருடைய கண் என்பதே முக்கியம். மேடையில் ஆடுபவள் தன் உடலை அழகாக உணர்ந்துகொண்டிருக்க மாட்டாள். பிடித்துச் சுழன்று ஆடும் மேடைக் கம்பம் முழங்காலில் உராய்ந்து கன்றிப்போன இடம், ஏழு அங்குலக் குதிகால் செருப்பில் கணுக்கால் திரும்பிவிடுமோ என்ற எச்சரிக்கை, மூன்றாவது பாட்டு தொடங்க இன்னும் எத்தனை நொடி என்பது, இடப்புற மேசையில் இருப்பவர் கைப்பேசியை எதற்காக உயர்த்துகிறார் என்பது ஆகியவையே அவள் மனத்தில் ஓடும். அந்த உடலை அருகில் நின்று பார்க்கும் தோழிக்கும் அது காட்சியாகத் தெரியாது. நேற்றில்லாத ஒரு காயம் இன்று இருப்பதை, ஒருத்தி இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை ஒப்பனை அறையில்தான் இன்னொருத்தி கண்டுபிடிக்கிறாள். உடலை இப்படி எழுதினால் எத்தனை பக்கம் எழுதினாலும் ஆபாசம் வராது. வாடிக்கையாளரின் கண்ணைக் கடன்வாங்கி எழுதினால் ஒரு வரியிலேயே வந்துவிடும்.

நுணுக்கமான விவரங்கள் வருணனையைவிட அதிகம் பேசும். உடலில் மினுமினுப்புத் தூள் பூசிக்கொள்வதையும் கடுமையான வாசனைத் திரவியத்தையும் அனுபவமுள்ள பெண்கள் தவிர்ப்பார்கள். வாடிக்கையாளரின் சட்டையில் அவை ஒட்டிக்கொண்டால் அவர் வீட்டுக்குப் போனதும் அகப்பட்டுக்கொள்வார், பிறகு திரும்பி வரமாட்டார். புதிதாக வந்தவள் ஜொலிக்க ஜொலிக்க வந்து நிற்கும்போது, பழையவள் ஈரத் துடைப்பானை எடுத்து நீட்டிக் காரணத்தையும் சொன்னால், தொழிலும் நட்பும் அந்த ஒரே காட்சியில் வந்துவிடுகின்றன.

சட்டமும் இந்த உடலை அங்குலக் கணக்கில் அளந்திருக்கிறது என்பதை மறந்துவிட வேண்டாம். 1991இல் இந்தியானா மாநிலத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தகைய நடனம் கருத்து வெளிப்பாட்டின் வெளி விளிம்பில் இடம்பெறக்கூடியதே என்று ஒப்புக்கொண்டு, ஆனாலும் மார்பு நுனிகளையும் இடுப்பின் கீழ்ப்பகுதியையும் மறைக்க வேண்டும் என்று மாநிலம் வற்புறுத்தலாம் எனத் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஓரிகன் மாநிலமோ தன் அரசியல் சட்டத்தின் பேச்சுரிமைப் பிரிவை விரிவாகப் பொருள்கொண்டதால், போர்ட்லாந்து நகரக் கிளப்புகளில் மதுவும் உண்டு, முழு நிர்வாணமும் உண்டு. கலிஃபோர்னியாவில் முழு நிர்வாணம் இருக்கும் கிளப்பில் மது விற்க முடியாது. வாஷிங்டன் மாநிலத்தின் கிளப்புகளில் 2024வரை மதுவுக்கே இடமில்லாதிருந்தது. இவையெல்லாம் வழக்கறிஞர்களுக்கான செய்திகள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அமெரிக்காவில் 21 வயதுக்குக் கீழ் மது அருந்தக் கூடாது. ஆகையால் சில மாநிலங்களில் மது இல்லாத கிளப்பில் 18 வயதுப் பெண்ணுக்கு வேலை கிடைக்கும், மது விற்கும் பல இடங்களில் கிடைக்காது. பதினெட்டு வயதுக்காரியும் இருபத்து மூன்று வயதுக்காரியும் தோழிகளாகி, மூத்தவள் கூடுதல் வருமானத்துக்காக மதுக்கூடமுள்ள கிளப்புக்கு மாறிவிட்டால், இளையவளால் கூடப் போக முடியாது. பிரிவுக்கு வில்லன் யாரும் தேவையில்லை. மாநிலத்தின் மது விதியே போதும்.

இந்தத் தொழிலில் இருந்த பெண்ணே எழுதிய நாவல் ஏதேனும் உண்டா? (நூலகர் ஒருவர்)

பழைய உதாரணம் ஒன்றைச் சொல்லலாம். நகைச்சுவையும் ஆடை களையும் ஆட்டமும் கலந்த பழைய கேளிக்கையான அமெரிக்க பர்லெஸ்க் மேடையில் புகழ்பெற்ற ஜிப்ஸி ரோஸ் லீ 1941இல் ‘தி ஜி-ஸ்ட்ரிங் மர்டர்ஸ்’ என்ற துப்பறியும் நாவலை வெளியிட்டார். பர்லெஸ்க் அரங்கின் பின்புறத்தில் நடக்கும் கொலையே கதை. ஆனால் இன்று அதைப் படிப்பவருக்குக் கொலையாளியைவிட, ஒப்பனை அறையில் பெண்கள் பேசிக்கொள்ளும் விதமே நினைவில் நிற்கும். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1937இல், மேயர் லா கார்டியாவின் நிர்வாகம் நியூயார்க்கின் பர்லெஸ்க் அரங்குகளுக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்திருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஏற்கெனவே மறைந்துகொண்டிருந்த ஓர் உலகத்தை அவர் எழுதினார் என்பது தெரியும்.

தொழிலில் இருந்தவர்தாம் எழுத வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இல்லாதவர் எழுதும்போது வேலையைக் கற்றுக்கொண்டு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் தொழிலே பெண்ணைப் பண்டமாக்குகிறது. அதற்குள் நட்பு மலர்வதாக எழுதுவது சுரண்டலுக்குச் சாயம் பூசுவதாகாதா? (ஆசிரியையாகப் பணிபுரியும் வாசகி)

உங்கள் ஐயத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஐஸ்லாந்து 2010இல் இத்தகைய கிளப்புகளைச் சட்டத்தால் தடைசெய்தது. ஊழியர்களின் நிர்வாணத்திலிருந்து எந்த நிறுவனமும் இலாபம் பெறக் கூடாது என்பதே அந்தத் தடை, அதை முன்னெடுத்தவர்கள் பெண்ணியவாதிகள். ஸ்டார் கார்டன் வாசலில் நின்ற பெண்களும் தங்களைப் பெண்ணியத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளவில்லை; அவர்கள் கேட்டது தொழில் ஒழிய வேண்டும் என்பதன்று, தொழிலுக்கு மற்றத் தொழில்களுக்குரிய பாதுகாப்பு வேண்டும் என்பது. இந்த இரண்டு நிலைகளுக்கும் இடையே தீர்ப்பு வழங்குவது நாவலின் வேலை அன்று. ஆனால் இரண்டு நிலைகளும் ஒரே நட்புக்குள் இருக்கலாம். ஒருத்தி, “இதை நான் தேர்ந்தெடுத்தேன்” என்கிறாள். மற்றவள், “உனக்கு வேறு எதைத் தேர்ந்தெடுக்க வாய்ப்புக் கொடுத்தார்கள்?” என்கிறாள். இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது, இருவரும் மறுநாள் மாலை அதே கிளப்புக்கு ஒரே காரில் போகிறார்கள்.

சாயம் பூசுவது வேறு விதத்தில் நடக்கிறது, அதை நீங்கள் கண்டிக்கலாம், நானும் சேர்ந்துகொள்கிறேன். இத்தகைய கதைகளில் இரண்டு தோழிகளில் துணிச்சலானவள் போதையிலோ வன்முறையிலோ இறந்துபோகிறாள். சாதுவானவள் அந்த மரணத்தால் கண்திறந்து, தொழிலை விட்டுக் கல்லூரியில் சேர்கிறாள். ஒருத்தியின் சாவு மற்றவளின் திருந்துதலுக்குக் கட்டணமாகச் செலுத்தப்படுகிறது. வாசகரும் பார்த்து இரசித்த குற்றவுணர்வைக் கழுவிக்கொண்டு புத்தகத்தை மூடிவிடலாம். கிளப்பில் உண்மையிலேயே இருக்கும் அபாயங்களை, அதாவது தனியறையில் கைமீறும் வாடிக்கையாளரை, பார்த்தும் பாராததுபோல் நிற்கும் காவலரை, புகார் சொன்னவளுக்கு வார இறுதி ஷிஃப்டு கிடைக்காமல் போவதை எழுதுவதற்கு அந்தச் சாவு தேவையில்லை. வாஷிங்டன் சட்டம் ஒப்பனை அறைக் கதவுக்கு எண் பூட்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறது. அந்தக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு யார் யார் வந்திருப்பார்கள் என்பதை எழுதுங்கள். சுரண்டல் தானாகவே தெரிந்துவிடும்.

கல்லூரியில் படிக்கும் என் மகள் இத்தகைய நாவல் ஒன்றைப் படிக்கிறாள். தடுக்கலாமா? (தந்தை ஒருவர்)

தடுக்க வேண்டாம். அவள் முடித்ததும் நீங்களும் வாங்கிப் படியுங்கள். இரண்டு தோழிகளில் யாரை அவளுக்குப் பிடித்தது என்று கேளுங்கள். பதில் உங்களை வியப்பில் ஆழ்த்தக்கூடும்.

முதல் கேள்வி கேட்டவனேதான் மறுபடியும் எழுதுகிறேன். நாவலை எப்படி முடிப்பது? ஒருத்தி தொழிலை விட்டுப் போவதாக எழுதியிருந்தேன், அது திருப்தியாக இல்லை.

அடுத்த இதழ்வரை காத்திருக்க வேண்டியிராதபடி, உங்கள் இரண்டாவது கடிதத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

தொழிலை விட்டுப் போவது ஒரு முடிவாக இருக்கலாம். பலர் சில ஆண்டுகளில் போய்விடுகிறார்கள், சிலர் போய்விட்டுப் பணம் தேவைப்படும்போது திரும்பியும் வருகிறார்கள். ஆனால் உங்கள் நாவலின் பொருள் தொழிலன்று, நட்பு. எனவே தொழில் முடிந்தபின் அந்த நட்புக்கு என்ன பெயர் மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். பெயர் என்று நான் சொல்வதை நேரடியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிளப்புகளில் எல்லாரும் மேடைப் பெயரால் அறியப்படுகிறார்கள். மாதக்கணக்கில் ஒன்றாக உழைத்து, ஒரே பொட்டலத்தைப் பகிர்ந்து சாப்பிட்டு, ஒருத்தியின் குழந்தையை மற்றவள் பார்த்துக்கொண்ட பிறகும் உண்மைப் பெயர் தெரியாமல் இருப்பது அங்கே இயல்பு. கேட்பதும் நாகரிகமன்று. அந்த மறைப்புக்குத் தக்க காரணமும் இருக்கிறது: சில இடங்களில் நடனப்பெண்கள் அரசாங்கத்திடம் உரிமம் பெற்றாக வேண்டும், அதற்கு உண்மைப் பெயரைக் கொடுக்க வேண்டும். 2014இல் வாஷிங்டன் மாநிலத்தின் பியர்ஸ் கவுண்ட்டியில் ஒரு மனிதர், ஒரு கிளப்பில் ஆடிய பெண்களின் உரிமப் பதிவுகளைப் பொது ஆவணம் என்ற முறையில் கேட்டு விண்ணப்பித்தார். அந்தப் பெண்கள் நீதிமன்றம் சென்று தடை வாங்க வேண்டியிருந்தது.

உங்கள் இரண்டு பெண்களில் ஒருத்தி தன் உண்மைப் பெயரை எப்போது சொல்கிறாள்? சொல்லப்பட்டவள் அதை ஒரு சண்டையின் நடுவில், வாடிக்கையாளர்களுக்குக் கேட்கும்படி உரக்கக் கூப்பிட்டுவிடுகிறாளா? அப்படியானால் அது அறைந்ததைவிடக் கொடிய செயல். நாவலின் நடுப்பகுதிக்கு அதுவே போதும். அல்லது, ஒருத்தி விலகிப் போய் இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு மருத்துவமனை வரவேற்பில் வேலை செய்துகொண்டிருக்கிறாள். மார்பில் உண்மைப் பெயர் எழுதிய பட்டை. எதிரில் வரிசையில் தோழி, தன் குழந்தையோடு. அவள் அந்தப் பட்டையைப் படிக்கிறாள். எந்தப் பெயரால் கூப்பிடுவாள், பக்கத்தில் சக ஊழியர்கள் இருக்கும்போது கூப்பிடவே செய்வாளா என்பதை நான் தீர்மானிக்க முடியாது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் அவர்களோடு வாழ்ந்தவர் நீங்கள்.

ஹவுஸ் ஃபீ கடனை முதல் அத்தியாயத்தில் சேர்த்துவிட்டு, முழுப் பிரதியையும் அனுப்புங்கள். அப்போது முடிவைப் பற்றி விரிவாகப் பேசலாம்.